வீடு தராதவனுக்குக் கூலி எதற்கு?

வாடகை என்று சொல்லிப் பழகிவிட்டவர்கள், குடிக்கூலி என்னும் நம் சொல்லைச் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். கூலி என்பது செய்த பணிக்குக் கொடுப்பது. களத்தில் இறங்காதவனுக்கு எவரும் கூலி அளப்பதில்லை. அவ்வாறாயின், மாந்தர் குடியிருக்கத் தகாத நான்கு சுவர்களைக் காட்டித் திங்கள்தோறும் கை நீட்டுபவன் எந்தப் பணிக்குக் கூலி கேட்கின்றான்?

இவ்வினாவை, அமெரிக்கத் தலைநகராகிய வாசிங்டனில் கிளிப்டன் தெரசு என்னும் அடுக்ககத்தில் குடியிருந்தோர் முறைமன்றத்திலேயே எழுப்பினர். 1966 ஏப்பிரல் திங்களுக்குரிய குடிக்கூலியை அவர்கள் கொடுக்கவில்லை. இல்லுடைய நிறுவனம் அவர்களை வெளியேற்ற வழக்கிட்டது. அவர்களோ, கூலி கொடாமையை மறையாது ஒப்புக்கொண்டு, அக்கட்டடத்தில் நகர வீட்டமைப்பு விதிகளுக்கு மாறான குறைகள் ஏறத்தாழ 1,500 உள்ளன, அவற்றை மெய்ப்பிக்க இடந்தருக என எதிர்வழக்காடினர். கீழ்மன்றம் செவிசாய்க்கவில்லை. வீட்டின் நிலை வேறு, கூலிக்கடன் வேறு என்பது அங்கு வழிவழி வந்த சட்டம்.

அச்சட்டத்தின் வேர் பழைய இங்கிலாந்தின் உழவுநிலக் குத்தகையில் உள்ளது. அன்றைய குத்தகையாளன் வேண்டியது மண். மேலிருந்த குடில் ஒழுகினால் அவனே கூரை வேய்ந்துகொள்வான். அடுக்ககத்தின் மேல்மாடியில் குடியிருப்பவளுக்கு மண் எங்கே இருக்கின்றது? சுவருக்குள் ஓடும் குழாயை அவள் எவ்வாறு உடைத்துச் செப்பனிடுவாள்?

1970 மே 7-ஆம் நாள், மேல்முறையீட்டு மன்ற நடுவர் இசுகெல்லி ரைட்டு இப்பழஞ்சட்டத்தைத் தள்ளினார். நகரில் வீடு எடுப்போர் நாடுவது வெறும் நிலத்தையன்று. சுவரும் கூரையும் வெப்பமும் ஒளியும் காற்றும் பழுதற்ற குழாய்களும் தூய்மையும் சேர்ந்த வாழ்விடத்தையே என்றார். வீட்டை வாழத்தகு நிலையில் வைத்திருக்கும் உறுதி, எழுதாவிடினும் ஒப்பந்தத்தில் அடங்கியுள்ளது; அது மீறப்படும் அளவுக்குக் குடிக்கூலிக் கடனும் குறையும் என்று தீர்ப்புரைத்தார். அந்நகரின் இழிந்த குடியிருப்புகளில் உழன்றோர் பெரும்பாலும் ஏழைக் கருப்பின மக்கள், இல்லுடையோர் வெள்ளையர். இவ்வேற்றுமை தம் உள்ளத்தைத் தூண்டியதென 1982-இல் ஒரு மடலில் அவரே ஒப்புக்கொண்டார்.

ஒரு திங்கள் கூலி பற்றிய வழக்கிற்கு நான்கு ஆண்டுகள்! அதற்குள் கைக்குழந்தை பள்ளிக்குச் செல்லும் அகவையை எட்டிவிடும். ஈரச் சுவரின் பூசணத்தை இழுக்கும் நுரையீரல் தீர்ப்பு வரும்வரை பொறுத்திருப்பதில்லை.

இதனினும் பெரிதாக எனக்குப் படுவது, அதே நடுவர் 1968-இல் வழங்கிய வேறொரு தீர்ப்பு. வீட்டின் குறைகளை அலுவலரிடம் முறையிட்டார் என்பதற்காகப் பழிவாங்கும் நோக்கில் ஒருவரை வெளியேற்றுதல் கூடாது என்றது அது. குடியிருப்போர் வாய்பூட்டிக் கிடப்பது அறியாமையால் அன்று. ‘பிடிக்கவில்லையென்றால் வெளியே போ’ என்னும் ஒரே சொல்லுக்கு அஞ்சித்தான்.

கூலியை நிறுத்தினால் எதைக்கொண்டு செப்பனிடுவது என்பர் இல்லுடையோர். அந்த 1,500 குறைகளும் கூலி நின்ற ஒரு திங்களிலா முளைத்தன? மேலும், அப்பணத்தைக் குடியிருப்போர் தம் மடியிலேயே முடிந்துகொள்ளவும் அத்தீர்ப்பு விடவில்லை. வழக்கு முடியுமட்டும் கூலியை மன்றத்தில் கட்டிவருமாறு ஆணையிடலாம் என்றது. முடிவில், குறைகளுக்கேற்பக் கழித்து எஞ்சிய தொகையைக் கொடுக்க இசைவோர் அவ்வீட்டிலேயே இருக்கலாம்.