செல்போனில் ஆஸ்பத்திரி படிப்பா? பணம் கட்டும் முன் "வார்டு எங்கே?" என்று கேளுங்கள்!

சிவகாசி:–

"வீட்டில் இருந்தே படிக்கலாம். 3 மாதத்தில் ஆஸ்பத்திரி வேலை. சர்டிபிகேட் உண்டு!"

இப்படிப்பட்ட விளம்பரங்கள் செல்போனுக்குச் செல்போன் பறக்கின்றன. படித்தவர், படிக்காதவர் என்று பார்ப்பதில்லை. கையில் போன் இருந்தால் போதும், வந்து விழுகிறது.

சிவகாசி பக்கத்தில் உள்ள நாரணாபுரம் போன்ற பட்டாசு ஊர்களுக்கு இது தேனாக இனிக்கும் செய்தி. பணம் கட்டிய பிறகும் இனிக்குமா, கசக்குமா என்பதுதான் கேள்வி.

ஏன் இந்த ஆசை?

நாரணாபுரத்தில் பிழைப்பு என்றால் பட்டாசுதான். பெண்கள் குழாய் சுருட்டுகிறார்கள். திரி வைக்கிறார்கள். சரம் பின்னுகிறார்கள். பெரும்பாலும் பீஸ் கணக்குக் கூலி. கை ஓடினால் காசு. மழை பெய்தால் வேலை இல்லை. தீபாவளி முடிந்தால் கொஞ்ச நாள் வீட்டில் சும்மா.

அந்த வேலையும் நிச்சயம் இல்லை. 2018 அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்தது. பேரியம் கலக்கக் கூடாது, பசுமைப் பட்டாசுதான் செய்யலாம், தீபாவளி அன்று 2 மணி நேரம்தான் வெடிக்கலாம் என்றது. அதைத் தொடர்ந்து ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அடுப்பு எரியாத வீடுகள் எத்தனையோ.

உயிர்ப்பயம் வேறு. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் பலி. 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் பலி. 2025 ஜூலை 1-ந் தேதி சின்னக்காமன்பட்டியில் மறுபடியும் சாவு. ஊர்ப் பெயர்தான் மாறுகிறது. ஒப்பாரி மாறவில்லை.

இந்த நிலையில் "மருந்து நெடியில் கிடப்பதற்கு ஆஸ்பத்திரியில் நாலு பேருக்குப் பணிவிடை செய்து பிழைக்கலாமே" என்று ஒரு பெண் நினைத்தால் அதில் தப்பு ஒன்றும் இல்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு மதுரைக்கோ சென்னைக்கோ போய்த் தங்கிப் படிக்க அவளால் முடியாது. அதனால்தான் "வீட்டில் இருந்தே" என்ற இரண்டு வார்த்தை அவளை இழுக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆஸ்பத்திரி வேலை என்றால் எல்லாம் ஒன்று அல்ல. மூன்று படி இருக்கிறது. விளம்பரக்காரர்கள் மூன்றையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

முதல் படி நர்சு. இதற்குக் குறுக்கு வழியே கிடையாது. கிராம நர்சு வேலைக்கான ஏ.என்.எம். படிப்புக்கே பிளஸ்-2 முடித்து 2 வருடம் நேரில் படிக்க வேண்டும். ஜி.என்.எம். என்றால் 3 வருடம். பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம். பிறகு நர்சு கவுன்சிலில் பெயர் பதிய வேண்டும். போனில் 3 மாதம் பார்த்து யாரும் நர்சு ஆக முடியாது. "நர்சு சர்டிபிகேட்" என்று ஒருவர் விற்றால் அது வெறும் காகிதம்.

இரண்டாவது படி டெக்னீஷியன். லேப், எக்ஸ்ரே, ஆபரேஷன் தியேட்டர் ஆட்கள். இவர்களுக்காக 2021-ல் பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. அதன்படி இந்த வேலைக்கான டிப்ளமோ அல்லது பட்டப் படிப்பு 2 ஆயிரம் மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அதுவும் 2 முதல் 4 வருடத்தில் பரவி இருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் 2 மணி நேரம் போனைப் பார்த்தால் 3 மாதத்தில் 180 மணி நேரம். சட்டம் கேட்பதில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை!

அந்தச் சட்டத்தின் பட்டியலில் ஒரு வேலையை சிவகாசிக்காரர்கள் கவனிக்க வேண்டும். தீக்காயம் பட்டவர்களைக் கவனிக்கும் டெக்னாலஜிஸ்ட் வேலை அது. தீயோடு பிழைக்கும் இந்தச் சுற்றுவட்டாரத்துக்கு அதைவிடத் தேவையான படிப்பு எது?

மூன்றாவது படி உதவியாளர். இங்கிலீஷில் ஜெனரல் டியூட்டி அசிஸ்டெண்ட் என்பார்கள். நோயாளியைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, படுக்கை மாற்றுவது, சக்கர நாற்காலியில் உட்கார வைப்பது இவர்கள் வேலை. பத்தாம் வகுப்புப் படித்த பட்டாசுத் தொழிலாளிப் பெண்ணுக்கு எட்டக்கூடிய படி இதுதான்.

கல்லூரிக்குப் பூட்டு, மற்றவர்களுக்கு?

2025-ல் பல்கலைக்கழக மானியக் குழு ஓர் உத்தரவு போட்டது. 2021 சட்டத்துக்குள் வரும் மருத்துவத் துறைப் பட்டப் படிப்புகளைத் தபாலிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது, ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதலே நிறுத்த வேண்டும் என்றது. சைக்காலஜி, மைக்ரோபயாலஜி, சத்துணவுப் படிப்புகளுக்கும் இதே கதிதான். நர்சிங்குக்கு முன்பே தடை.

நல்ல உத்தரவு. ஆனால் அது கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும்தான். மாடியில் ஒரு அறை, வாசலில் ஒரு போர்டு, கையில் ஒரு செல்போன் என்று 3 மாத சர்டிபிகேட் கொடுப்பவரை அது தொடாது. பெரிய கதவைப் பூட்டியாச்சு. சின்னக் கதவு திறந்தே கிடக்கிறது. ஏழைகள் நுழைவது அந்தச் சின்னக் கதவு வழியாகத்தான்!

போன் எதைக் கற்றுத் தரும்?

போனில் படிப்பதே வீண் என்று சொல்ல முடியாது. 2020-ல் கொரோனா வந்தபோது மத்திய அரசு "ஐகாட்" என்ற ஆன்லைன் வகுப்பைத் தொடங்கி, டாக்டர், நர்சு, சுகாதார ஊழியர்களுக்குப் பாடம் நடத்தியது. ஆனால் அவர்கள் எல்லாம் ஏற்கனவே வார்டில் நின்றவர்கள். காலையில் பார்த்த பாடத்தை மாலையில் கையால் செய்தவர்கள்.

உடம்பின் பாகங்கள், கை கழுவும் முறை, மருந்துச் சீட்டில் உள்ள சுருக்கெழுத்து, நோயாளியிடம் பேசும் விதம் – இதையெல்லாம் போன் கற்றுத் தரும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருவரை 2 மணிக்கு ஒரு தடவை புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதைப் போன் கற்றுத் தராது. 70 கிலோ ஆளை, தன் இடுப்பும் பிடித்துக்கொள்ளாமல், அவரும் விழாமல் தூக்குவதைப் போன் கற்றுத் தராது. தீக்காயத்தில் ஒட்டிய துணியைப் பார்த்ததும் தலை சுற்றாமல் நிற்கும் தைரியம் வார்டில்தான் வரும்.

இது நாரணாபுரத்துப் பிரச்சினை மட்டும் அல்ல. கடைக்காரரின் தாயாருக்குப் பக்கவாதம் வந்தால் வீட்டோடு கவனிக்க ஆள் தேடுகிறார். வரும் பெண் ஒரு நோயாளியைக்கூடத் தொட்டுப் பழகாதவள் என்றால் யாருக்கு ஆபத்து? தாயாருக்குத்தான். பழி மட்டும் அந்தப் பெண் தலையில் விழும்.

வழி இருக்கிறது

2021 ஜூன் 18-ந் தேதி மத்திய அரசு கொரோனா முன்னணி ஊழியர்களுக்கான குறுகிய காலப் பயிற்சியைத் தொடங்கியது. 26 மாநிலங்களில் 111 மையங்கள். 1 லட்சம் பேருக்குப் பயிற்சி தருவது குறி. வீட்டுப் பராமரிப்பு உள்பட 6 வகை வேலை. வகுப்போடு நிற்கவில்லை, ஆஸ்பத்திரியில் வேலைப் பயிற்சியும் சேர்ந்தது.

அதே வருடம் ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. மகளிர் குழுவில் இருந்த பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு வீடாக அனுப்பினார்கள். சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்கு இந்த வேலை வரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனால் தொடக்கத்தில் மாதம் 4 ஆயிரத்து 500 ரூபாய்தான் கொடுத்தார்கள். அதை மட்டும் நம்பிப் பட்டாசை விட முடியுமா என்பது நியாயமான கேள்வி.

கிராமத்து ஏழைகளுக்கான தீனதயாள் கவுசல்ய யோஜனா பயிற்சி இலவசம். பெண்களுக்கு 45 வயது வரை இடம் உண்டு. பெரும்பாலும் வெளியூரில் தங்கிப் படிக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

அப்படியானால் என்ன செய்யலாம்? பாடம் வீட்டில், பழக்கம் பக்கத்து வார்டில் என்று பிரித்துக் கொடுக்கலாம். சிவகாசியில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. விருதுநகரில் 2022 ஜனவரி 12-ந் தேதி அரசு மருத்துவக் கல்லூரியே திறந்தாச்சு. பட்டாசுக்கு வேலை இல்லாத நாட்களில் வார்டுப் பயிற்சியை வைத்து, பஸ் காசும் ஒருவேளைச் சாப்பாடும் கொடுத்தால் நாரணாபுரத்துப் பெண் காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம். கட்டிடம் புதிதாகக் கட்ட வேண்டியது இல்லை. உத்தரவு போட வேண்டியதுதான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அதுவரை பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்:

எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை நாள் வார்டுப் பயிற்சி? அந்த ஆஸ்பத்திரிக்கே நேரில் போய் விசாரியுங்கள்.

சர்டிபிகேட்டில் யார் முத்திரை? மத்திய அரசின் ஸ்கில் இந்தியா தளத்தில் அந்த மையத்தின் பெயர் இருக்கிறதா?

அரசுத் திட்டம் என்கிறார்களா? பிரதமர் கவுசல் திட்டத்தின் குறுகிய காலப் பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. பிறகு எதற்குக் காசு?

பணத்துக்கு ரசீது உண்டா? தனி ஆள் பெயரில் போன் மூலம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டு மூடி மறைக்க வேண்டாம். ஆன்லைன் பண மோசடிக்கு 1930 என்ற எண் இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் போன் செய்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. நுகர்வோர் புகாருக்கு 1915. குழாய் சுருட்டிச் சேர்த்த காசு அது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியது இல்லை.