மாநகர் நடுவே வீடு வாங்கலாமா?

வீடு வாங்கும் பேச்சு எழுந்தால் போதும், நம் குடும்பங்களில் உடனே இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். “கொஞ்சம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை, தரை வீடாக வாங்கு. மண் நம்முடையதாக இருக்கும்” என்பது பெற்றோர் கட்சி. “வேலைக்குப் பக்கத்தில், ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு கொண்டோ போதும்” என்பது பிள்ளைகள் கட்சி.

பெற்றோர் சொல்வதைப் பழைய காலத்துப் பேச்சு என்று நான் ஒதுக்க மாட்டேன். நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள் தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்தார்கள். பட்டணத்துக்கு வந்தவர்களில் பலர் அரசாங்க குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் 1905-இல் கட்டப்பட்ட ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வீடுகள் பழைய கோலாலம்பூர்க்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். வேலை இருக்கும்வரை வீடு இருந்தது. வேலை முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் சொந்த மண் வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அண்மையில் என் அண்ணன் வீட்டிலும் இதே வாக்குவாதம். அண்ணன் மகளும் மாப்பிள்ளையும் கோலாலம்பூரில் வேலை செய்கிறார்கள். கைக்குழந்தை ஒன்று. செமினியில் புதிய வரிசை வீடு ஒன்றையும் செந்தூலில் 900 சதுர அடி கொண்டோ ஒன்றையும் பார்த்திருந்தார்கள். இரண்டும் ஏறக்குறைய 500,000 ரிங்கிட். “சித்தப்பா, நீங்களே சொல்லுங்க” என்று என்னிடம் வந்தாள். நான் அவளிடம் சொன்னவை மற்ற இளம் குடும்பங்களுக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நன்மைகள். மாநகர் வீட்டின் பெரிய லாபம் நேரம். செமினியிலிருந்து காலையில் காரில் கிளம்பினால் போக வர மூன்று மணி நேரம் ஆகும் என்று மாப்பிள்ளை ஓட்டிப் பார்த்தே சொன்னார். செந்தூலில் எல்ஆர்டி உண்டு. 2023-இல் புத்ராஜெயா எம்ஆர்டி தடம் முழுமையாகத் திறக்கப்பட்டபோது செந்தூல் பாராட் நிலையமும் வந்துவிட்டது. அங்கிருந்து போக வர ஒரு மணி நேரம். நாளுக்கு இரண்டு மணி நேரம் மிச்சம் என்றால், 22 வேலை நாள்களில் 44 மணி நேரம். நம் நாட்டுச் சட்டப்படி ஒரு வாரத்துக்கு அதிகபட்ச வேலை நேரமே 45 மணிதான். ஆக, மாதந்தோறும் ஒரு வார வேலை நேரம் கைக்குத் திரும்பி வருகிறது. குழந்தை விழித்திருக்கும்போதே அப்பா வீட்டுக்கு வந்துவிடுவார்.

அடுத்தது கார். செமினி என்றால் இரண்டாவது கார் இல்லாமல் முடியாது. தவணை, பெட்ரோல், டோல், நிறுத்துமிடக் கட்டணம் எல்லாம் சேர்த்து மாதம் 1,200 ரிங்கிட் ஆகும் என்று அவளே கணக்குப் போட்டிருந்தாள். செந்தூலில் ஆளுக்கு 50 ரிங்கிட் ‘மை50’ அட்டை போதும். தம்புசாமிப்பிள்ளை தமிழ்ப்பள்ளி செந்தூலிலேயே இருக்கிறது. கோவில், கடை, மருத்துவமனை எதற்கும் அலைய வேண்டாம்.

இனி மறுபக்கம். இரண்டு வீட்டுக்கும் கடன் ஒன்றுதான். 10 விழுக்காடு முன்பணம் போக 450,000 ரிங்கிட். 4 விழுக்காடு வட்டியில் 35 ஆண்டுக்குக் கடன் எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 1,990 ரிங்கிட். கொண்டோவுக்கு இதற்கு மேல் பராமரிப்புக் கட்டணம் உண்டு. சதுர அடிக்கு 40 சென் என்று வைத்துக்கொண்டால் 900 சதுர அடிக்கு 360 ரிங்கிட். அதில் 10 விழுக்காடு, அதாவது 36 ரிங்கிட், ‘சிங்கிங் ஃபண்ட்’ என்னும் சேமிப்பு நிதிக்கு. ஆக மாதம் 396 ரிங்கிட். ஒரு சென்கூட ஏறவில்லை என்றாலும் 35 ஆண்டுகளில் 166,320 ரிங்கிட் ஆகிறது. கார்க் கடன் அதிகம் போனால் ஒன்பது ஆண்டில் முடிந்துவிடும். வீட்டுக் கடனும் ஒரு நாள் முடியும். பராமரிப்புக் கட்டணம் வீடு இருக்கும்வரை தொடரும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். “முப்பது வருசம் கழிச்சு அந்தக் கட்டடம் எப்படிடா இருக்கும்?” அன்றைய பேச்சில் மிக முக்கியமான கேள்வி இதுதான். தரை வீட்டில் கூரை ஒழுகினால் நாமே ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்வோம். அடுக்குமாடியில் கூரை, லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, குழாய், வெளிச்சுவர் எல்லாம் பொது. அவற்றின் ஆயுள் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. கொண்டோ வாங்குகிறவர் நான்கு சுவர்களோடு, முன்பின் தெரியாத இருநூறு முந்நூறு பேரோடு ஒரு கூட்டுக் குடித்தனத்தையும் சேர்த்து வாங்குகிறார்.

அந்தக் குடித்தனம் கெட்டால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். நான் பல ஆண்டுகள் குடியிருந்த ஓர் அடுக்குமாடியில் இரண்டு லிஃப்ட்டுகள். ஒன்று பழுதாகி நான்கு மாதம் அப்படியே கிடந்தது. மற்றதும் அடிக்கடி நின்றுவிடும். பதினான்காவது மாடியில் இருந்த ஒரு பாட்டி முழங்கால் வலிக்காரர். வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவர், அந்த நான்கு மாதமும் வீட்டைவிட்டு இறங்கவே இல்லை. லிஃப்ட்டைப் பழுதுபார்க்கப் பணம் இல்லை. மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்காரர்கள் கட்டணம் கட்டுவதில்லை. அவர்களில் பெரும்பாலோர் அங்கே குடியிருப்பவர்களும் இல்லை. வாடகை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மாநகர் மையத்துக் கட்டடங்களில் இந்த அபாயம் சற்று அதிகம். முதலீட்டுக்காக வாங்கிப் போட்டவர்கள் அதிகம். சில இடங்களில் பாதி வீடுகள் நாள் வாடகைக்கு விடப்படுகின்றன. பெட்டியோடு வருகிறவர்களும் போகிறவர்களுமாக, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்றே தெரியாது. இத்தகைய குறுகியகால வாடகையை நிர்வாகக் கழகம் தன் விதிகளின் மூலம் தடைசெய்யலாம் என்று 2020-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் அப்படி ஒரு விதி வேண்டுமென்றால் வீட்டுக்காரர்கள் கூடி முடிவெடுக்க வேண்டும்.

ஆகவே அண்ணன் மகளிடம், “விலையைப் பேசுவதற்கு முன்னால் நிர்வாக அலுவலகத்துக்குப் போ” என்றேன். தணிக்கை செய்த கணக்கு, கடைசி ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்பு, சேமிப்பு நிதியில் உள்ள இருப்பு, கட்டணம் வசூலாகும் அளவு ஆகிய நான்கையும் விற்பவர் மூலமாகக் கேட்க வேண்டும். விற்பவர் பாக்கி வைத்திருக்கிறாரா என்பதை வழக்கறிஞர் எழுத்தில் வாங்கித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு ஒரு முறை, நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு முறை கட்டடத்துக்குப் போய், கார் நிறுத்துமிடத்தின் கடைசித் தளம் வரை இறங்கிப் பார்க்க வேண்டும். காவலாளியிடம் லிஃப்ட்டைப் பற்றி விசாரித்தால் விளம்பரத்தில் இல்லாத செய்தியெல்லாம் கிடைக்கும்.

பத்திரத்திலும் பார்க்க வேண்டியவை உண்டு. குடியிருப்பு நிலமா, வர்த்தக நிலமா? ‘சர்வீஸ் அபார்ட்மெண்ட்’ பலவும் வர்த்தக நிலத்தில் நிற்பவை. வரியும் மற்றக் கட்டணங்களும் கூடுதலாக வரலாம். நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா? குத்தகை என்றால் மீதம் எத்தனை ஆண்டு? அது குறையக் குறைய வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கும். கார் நிறுத்துமிடம் உங்கள் ஸ்ட்ராட்டா பட்டாவில் சேர்ந்ததா, வெறும் வாய்ப்பேச்சா?

கைச்செலவுக்கும் ஒரு கணக்கு வேண்டும். 500,000 ரிங்கிட் வீட்டுக்குப் பெயர் மாற்ற முத்திரை வரி 9,000 ரிங்கிட். முதல் வீடு வாங்கும் மலேசியருக்கு அந்த விலைவரை விலக்கு உண்டு. முன்பணத்துக்கு இபிஎஃப் செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கலாம். வாங்கி உடனே கைமாற்றி லாபம் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி. நான்காம் ஆண்டு 20, ஐந்தாம் ஆண்டு 15. ஆறாம் ஆண்டு முதல்தான் குடிமக்களுக்கு அந்த வரி இல்லை.

அவர்கள் பார்த்து வைத்திருந்த கொண்டோ பளபளப்பானது. மொட்டை மாடியில் நீச்சல் குளம், கண்ணாடிச் சுவர் வைத்த உடற்பயிற்சிக் கூடம். கணக்கைக் கேட்டபோது இரண்டு வாரம் இழுத்தடித்தார்கள், கடைசிவரை காட்டவில்லை. சற்றுத் தள்ளி இருபது வயதான வேறொரு கட்டடம். ஆடம்பரம் எதுவும் இல்லை. பாக்கி வைத்தவர்களின் வீட்டு எண்கள் அறிவிப்புப் பலகையிலேயே தொங்கின. லிஃப்ட் புதிதாக மாற்றப்பட்டிருந்தது, அதுவும் சேமிப்பு நிதியிலிருந்து. விலையும் 30,000 ரிங்கிட் குறைவு. அதற்குத்தான் கையெழுத்திட்டார்கள். அண்ணனுக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் அந்த அறிவிப்புப் பலகையை அவர் நின்று நிதானமாகப் படித்ததை நான் பார்த்தேன்.

என்னைக் கேட்டால், இருவரும் மாநகரில் வேலை செய்து, பத்து ஆண்டாவது அங்கேயே இருக்கப்போகிற குடும்பத்துக்கு மையப்பகுதி வீடு நல்லது. ஒருவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார், பெற்றோரும் கூடவே இருக்கிறார்கள், பிள்ளைகள் இரண்டு மூன்று என்றால் 900 சதுர அடி விரைவில் நெருக்கும். அவர்களுக்குத் தரை வீடே சரி.

வாங்கிய பிறகு ஒன்றை மறக்க வேண்டாம். கோவில் ஆண்டுக் கூட்டத்துக்குச் சண்டை போட்டாவது போகிற நம்மவர்கள், அடுக்குமாடிப் பொதுக்கூட்டம் என்றால் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை. போதுமான ஆள் வராவிட்டால் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, வந்தவர்களை வைத்தே கூட்டத்தை நடத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. பத்துப் பேர் வந்தால் அந்தப் பத்துப் பேர்தான் உங்கள் கட்டணத்தையும் லிஃப்ட்டையும் முடிவு செய்வார்கள். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு பாக்கி வைத்திருப்பவருக்கு வாக்கும் கிடையாது. கட்டணத்தை நேரத்தில் கட்டுங்கள், அறிவிப்பு வந்ததும் தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள். முடிந்தால் நிர்வாகக் குழுவிலும் நில்லுங்கள்.