கவலை முதல் காற்றாலை வரை

ஆற்றலின் வரலாறும் நீரின் வரலாறும் ஒட்டிப் பிறந்தவை. 1712-இல் இங்கிலாந்தில் நியூகோமன் அமைத்த நீராவிப் பொறி, நிலக்கரிச் சுரங்கத்தில் தேங்கிய தண்ணீரை இறைப்பதற்கே பயன்பட்டது. நம் உடுமலை வட்டாரத்திலோ, நீர் இறைக்கும் வேலையை நெடுங்காலம் காளைகளே செய்தன. காளைகள் சரிவில் இறங்க, வடம் இழுபட, சால் நிறைந்து மேலே வரும். இதுவே கவலை.

காளைக்குச் சோளத்தட்டே எரிபொருள். வெயில் ஏறினால் அவிழ்த்துவிட வேண்டும். மாடு இளைப்பாறிய வேளையில் கிணறும் ஊறிக்கொண்டது. வாயில்லாப் பிராணியின் களைப்பே நிலத்தடி நீருக்குக் காவலாக இருந்தது எனலாம்.

1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நீலகிரியில் விழுந்த நீர் கோவையின் பஞ்சாலைகளை ஓட்டியது. பின்னர் தோட்டத்துக் கிணறுகளுக்கும் மின்சாரம் வந்தது. அது நன்மையே என்பதில் ஐயமில்லை. மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் திரண்டு, 1972-இல் கோவைச் சாலைகளில் மாட்டு வண்டிகளை நிறுத்தினார்களே, மின்சாரம் அவர்களுக்கு உயிர்நாடி ஆகிவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? பிற்காலத்தில் வேளாண் மின்சாரம் இலவசமும் ஆயிற்று.

ஆனால் மோட்டாருக்குக் களைப்பில்லை. கிணறு வற்றியதும் ஆழ்குழாய் இறக்கினோம். அதுவும் வற்ற, இன்னும் ஆழம் தேடினோம். ஆழம் கூடக் கூட, அதே ஒரு குடம் நீருக்குக் கூடுதல் மின்சாரம் செலவாகும் என்பது இயற்பியல் பயிலும் எவரும் அறிந்ததே.

இன்று பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆனைமலையில் 400 மெகாவாட் திறனுள்ள காடம்பாறை நிலையம், மிகுதியான மின்சாரத்தால் நீரை மேலணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மீண்டும் மின்சாரமாக்குகிறது. மின்சாரத்தைச் சேமிக்க இவ்வளவு பாடுபடும் நாம், நிலத்தடி நீரைச் சேமிக்க என்ன செய்தோம்?

2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் வழியே சூரிய ஒளி பம்புகளும் வந்துவிட்டன. பகல் முழுதும் செலவின்றி இறைக்கலாம். என் அச்சமே இதுதான். இந்தப் பம்புகளுக்கு மானியம் தரும்போதே சொட்டு நீர்ப் பாசனத்தையும் மழைநீர்ச் சேகரிப்பையும் கட்டாயமாக்க வேண்டும். இறைக்காத பொழுதில் கிடைக்கும் மின்சாரத்தை மின்தொகுப்புக்கு விற்க எல்லா உழவர்க்கும் வழி செய்ய வேண்டும். நீரை மிச்சப்படுத்துவதே வருவாய் என்றால் எந்த உழவர் வேண்டாம் என்பார்?

மாணவ நண்பர்களே! அன்று காளையின் களைப்பு கிணற்றுக்குத் தந்த ஓய்வை, இனி நம் அறிவுதான் தர வேண்டும்.