எப்படியும் போகிற வண்டிதானே!

சாக்லேட் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதில் கலந்துள்ள ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று விவாதிக்கும் சமுதாயம் நாம். வெளியூர் உணவகத்தில் அமருமுன் இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்கிறோம். வங்கிக் கணக்கில் விழுந்த வட்டி ஒன்பது ரூபாயாக இருந்தாலும் தனியே ஒதுக்கி வைக்கிறோம். இவை அனைத்தும் பேண வேண்டியவையே. ஆனால் அந்த ஜெலட்டின் விவாதத்தை அடுத்தவர் காரில், அடுத்தவர் போட்ட பெட்ரோலில், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் அமர்ந்துகொண்டு நடத்தியவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2022இல் தொடங்கிப் பதினான்கு மாதங்கள் அப்படிச் சென்றேன். ராயப்பேட்டையிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலை வழியாகச் சிறுசேரி சிப்காட் வரை, போக ஏறத்தாழ 30 கிலோமீட்டர், வர அதே 30. கார் உடன் பணிபுரிந்த மாற்றுமதச் சகோதரருடையது. நானும் நம் சகோதரர் ஒருவரும் ராயப்பேட்டையில் ஏறுவோம். நான்காமவர் துரைப்பாக்கத்தில் ஏறுவார். மாலையில் திரும்பும்போது, மஃக்ரிப் நேரம் வந்துவிட்டால், நாங்கள் சொல்லாமலேயே பள்ளிவாசல் அருகே வண்டியை ஓரங்கட்டிக் காத்திருப்பார் அந்த நண்பர். ரமளானில் அவருக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தோம். குர்ஆன் தமிழாக்கம் ஒன்றையும் அன்பளிப்பாகக் கொடுத்து, அழைப்புப் பணி செய்துவிட்டதாக நிறைவும் கொண்டோம். பெட்ரோல் காசு மட்டும் கொடுக்கவில்லை.

மாதக் கடைசியில் அவர் பங்கில் இருநூறு ரூபாய்க்கு மட்டும் பெட்ரோல் போடச் சொல்வார். அந்த நேரத்தில் பின் இருக்கையில் நாங்கள் எந்தக் கடை பிரியாணி சிறந்தது என்று பேசிக்கொண்டிருப்போம். ஒருவர் கையும் சட்டைப்பைக்குப் போனதில்லை.

பின்பு நானே ஒரு கார் வாங்கி இருவரை ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கினேன். முதல் மாதம் முடிந்தது. அவர்கள் ஒன்றும் தரவில்லை. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ‘இவர்களுக்கு இங்கிதமே இல்லையா’ என்று மனைவியிடம் புலம்பினேன். அன்றிரவு இஷாத் தொழுகையில் இமாம் ஓதியது ‘அல்முதஃப்பிஃபீன்’ அத்தியாயம். தமக்கு வரவேண்டியதை நிறைவாக அளந்து வாங்கிக்கொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்து அளப்போருக்கு நாசம் என்று எச்சரிக்கும் அத்தியாயம் அது. தராசு வைத்திருக்கும் கடைக்காரருக்கு மட்டுமே அது இறங்கியது என்று நாற்பது வயது வரை நான் நினைத்திருந்தேன்.

இனி, நம்மிடையே உலவும் சமாதானங்களைப் பார்ப்போம்.

முதலாவது, ‘அவர் எப்படியும் போகத்தானே போகிறார்’ என்பது. மாநகரப் பேருந்தும் நாம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் சிறுசேரிக்குப் போகத்தான் போகிறது. நடத்துநரிடம் இந்த வாதத்தைச் சொல்லிப் பயணச்சீட்டு வாங்காமல் இருந்துபாருங்கள். எப்படியும் போகிற வண்டிதான் என்றாலும் நமக்காக நின்று, நமக்காகச் சுற்றி, நம்மையும் சுமந்து போகிறது. அதில் நாம் அனுபவிப்பது ஒரு பயன். பயனுக்கு உரியவர் ஒருவர் இருக்கிறார்.

அடுத்து, ‘அவர் கேட்கவே இல்லையே’ என்பது. எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். ஒருவருடைய பொருள் அவருடைய மனநிறைவான சம்மதமின்றி மற்றவருக்கு ஆகுமானதன்று என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த அடிப்படை. வாய்மூடி இருப்பது சம்மதம் ஆகாது. தினமும் முகம் பார்க்க வேண்டிய தோழரிடம் ‘காசு கொடு’ என்று கேட்க நம்மில் எத்தனை பேருக்கு நா எழும்? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், வெட்கத்துக்கு ஆட்படுத்தி ஒருவரிடமிருந்து பெறுவதைச் சாட்டையால் அடித்துப் பறிப்பதற்கு ஒப்பிடுகிறார்கள். சாட்டை உடலில் விழுகிறது, வெட்கம் உள்ளத்தில் விழுகிறது, அவ்வளவே வேறுபாடு. பதினான்கு மாதங்கள் நாங்கள் கையில் வைத்திருந்தது அந்தச் சாட்டையைத்தான்.

‘தேநீர் வாங்கிக் கொடுத்தோமே’ என்பாரும் உண்டு. தேநீர் நான் விரும்பிய நாளில், விரும்பிய அளவில் கொடுப்பது. கடன் அப்படித் தீர்வதில்லை.

‘நட்பில் என்ன கணக்கு’ என்பதுதான் கேட்க மிக இனிமையானது. இதற்கு ஹிஜ்ரத் பயணத்தைத் தவிர வேறு பதில் தேவையில்லை. உயிருக்கு ஆபத்தான இரவு. அருகில் இருப்பவர் அபூபக்ர் (ரலி). தம் செல்வத்தையெல்லாம் நபியவர்களுக்காக வைத்திருந்த தோழர். இந்தப் பயணத்துக்கென்றே இரண்டு ஒட்டகங்களை மாதக்கணக்கில் தீனி போட்டு வளர்த்து, ஒன்றை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் விலைக்கே எடுத்துக்கொள்வதாகக் கூறினார்கள். அதைவிட நெருங்கிய நட்பு எங்கே உண்டு? எங்கள் காருக்குள் இருந்ததா? அதே பயணத்தில் வழிகாட்டியாக அமர்த்தப்பட்டவர் இஸ்லாத்தை ஏற்காத ஒருவர். அவர் கூலி பேசி அமர்த்தப்பட்டவர். கொல்லத் துடித்த மக்காவாசிகளின் அமானிதப் பொருட்களை உரியவர்களிடம் சேர்க்க அலீ (ரலி) அவர்கள் ஊரிலேயே நிறுத்தப்பட்டார்கள். தோழருக்கும் அந்நியருக்கும் எதிரிக்கும் உரியதை உரியபடி கொடுத்துவிட்டு நடந்த பயணம் அது. முஹர்ரம் தோறும் அதைப் பற்றிப் பயான் கேட்கிறோம்.

அஷ்அரீ குலத்தாரைப் பற்றிய செய்தியும் இதற்குப் பொருத்தமானது. உணவு குறைந்துவிட்டால் அவர்கள் ஒவ்வொருவரும் தம்மிடம் இருப்பதை ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிட்டுக் கொண்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அவர்களைத் தம்மைச் சார்ந்தவர்கள் என்று பாராட்டினார்கள். அன்பு இருந்தது, அளக்கும் பாத்திரமும் இருந்தது.

மேலதிக வாகனம் உள்ளவர் இல்லாதவருக்குக் கொடுக்கட்டும் என்ற நபிமொழியைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அது வாகனம் வைத்திருப்பவருக்குச் சொல்லப்பட்டது. ஏறுபவர் அதை நீட்டி உரிமை கோருவதற்காகச் சொல்லப்பட்டதன்று. வண்டிக்காரர் மனமுவந்து ‘வேண்டாம்’ என்றால் நன்றி சொல்லி, துஆச் செய்து ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் முதலில் நாம் கேட்டிருக்க வேண்டும், ஒருமுறையாவது கையில் பணத்தோடு.

சரி, எவ்வளவு கொடுப்பது? எங்கள் பயணத்தையே எடுத்துக்கொள்கிறேன். மெட்ரோ பணி நடக்கும் அந்தச் சாலை நெரிசலில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது. நாளொன்றுக்கு 60 கிலோமீட்டருக்கு 5 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்க்குச் சற்று மேல் விற்றது, எளிமைக்காக நூறு என்றே வைத்தால் நாளுக்கு 500 ரூபாய், 22 வேலைநாட்களுக்கு 11,000. நால்வருக்குச் சமமாக வகுத்தால் ஆளுக்கு 2,750. நேர்மையானதாகத் தோன்றும் இக்கணக்கில் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது. துரைப்பாக்கத்தில் ஏறுபவர் வருவது பாதித் தூரம்தான். முதல் பாதியின் 250 ரூபாயை மூவரும், இரண்டாம் பாதியின் 250 ரூபாயை நால்வரும் பகிர்வதே முறை. அப்போது முழுத் தூரம் வருபவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 146 ரூபாய், பாதியில் ஏறுபவருக்கு 62 ரூபாய் 50 காசு. மாதக் கணக்கில் ஒருவருக்கு 3,208, மற்றவருக்கு 1,375. சமமாக வகுத்திருந்தால் அவர் இரு மடங்கு கொடுத்திருப்பார்.

வண்டிக்காரரையும் ஒரு பங்காளியாகச் சேர்த்தே இங்கு வகுத்துள்ளேன். டயர் தேய்மானம், ஆயில், சர்வீஸ், இவற்றோடு ஓட்டும் அலுப்பு எல்லாம் அவருடையது என்பதால் பெட்ரோல் முழுவதையும் ஏறுபவர்களே ஏற்பதாக முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்டால் அதிலும் தவறில்லை. பேசாமல் செய்வதுதான் தவறு. விடுப்பு நாள்? முந்தின இரவே சொல்லிவிட்டால் பங்கு இல்லை. சொல்லாமல் காலை ஏழே முக்காலுக்கு அவரைத் தெருமுனையில் காக்க வைத்தால் பங்கு உண்டு. இது என் கருத்து, உங்களுக்குள் வேறு விதமாகவும் பேசிக்கொள்ளலாம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. நமக்கோ வாட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதக் கூச்சமாக இருக்கிறது.

கார் வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். செலவைப் பகிர்வது வேறு, வெள்ளைப் பலகை வண்டியில் ஆள் ஏற்றிச் சம்பாதிப்பது வேறு. மோட்டார் வாகனச் சட்டப்படி வாடகைக்கு ஓட்ட அனுமதிச்சீட்டு வேண்டும். தனியார் காருக்கான காப்பீடும் வாடகைப் பயன்பாட்டை ஏற்பதில்லை. நால்வரிடம் ஆளுக்கு 4,000 வாங்கிக்கொண்டு அதைச் ‘செலவுப் பங்கு’ என்று சொல்பவர், விபத்து நேர்ந்தால் அந்த நால்வரின் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வார்?

அந்த இஷாவுக்குப் பின் கணக்குப் போட்டேன். சமமாக வகுத்தால் என் பங்கு 38,500தான் வருகிறது என்று மனம் ஒரு கணம் அங்கேயே நின்றது. தூரப்படி வகுத்தால் ஏறத்தாழ 45,000. அதை எடுத்துக்கொண்டு அந்த நண்பரைத் தேடிப் போனேன். “என்ன பாய் இது? இதெல்லாம் எதுக்கு?” என்று உறையைத் தள்ளினார். இது அன்பளிப்பு அல்ல, கடன், நீங்கள் வாங்கிக்கொண்டால்தான் நான் நிம்மதியாகத் தொழ முடியும் என்றேன். மௌனமாக இருந்தார். பிறகு உறையை மேசையில் வைத்து, “உண்மையைச் சொன்னா, அந்த வருஷம் ரொம்ப கஷ்டம் பாய். கேக்கத்தான் வாய் வரல” என்றார். சற்றுக் கழித்துச் சிரித்துக்கொண்டே, “டோல் காசு விட்டுப்போச்சே” என்றார்.

உண்மைதான். 2023 அக்டோபரில் நாவலூர் சுங்கச்சாவடி வசூல் நிறுத்தப்படும்வரை அதுவும் அவர் கையிலிருந்தே போனது. அதையும் கணக்கிட்டு அடுத்த வாரம் கொடுத்தேன்.

எங்களோடு ராயப்பேட்டையில் ஏறிய சகோதரர் இன்னும் ‘எப்படியும் போகிற வண்டிதானே’ என்கிறார். அவரும் இதை வாசிப்பார்.