"தைரியமாக இரு" என்றால் போதுமா?

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை என்றதும், அது கத்தி வைத்துச் செய்யும் பெரிய அறுவை சிகிச்சை என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், கொடையாளரிடமிருந்து பெற்ற குருத்தணுக்கள் ஒரு பையில் வருகின்றன. இரத்தம் ஏற்றுவதைப் போலவே அவை குழாய் வழியாக நோயாளியின் இரத்தத்தில் கலக்கின்றன. சில மணி நேரத்தில் அது முடிந்துவிடும். கடினமானவை அதற்கு முன்னும் பின்னும் வரும் நாள்களே. அந்நாள்களில் உடலைக் கவனிக்க மருத்துவர், தாதியர், மருந்தாளர் எனப் பலர் இருக்கின்றனர். மனத்தைக் கவனிப்பதையும் அவர்கள் பணியோடு சேர்த்தே திட்டமிட வேண்டும் என்பது என் கருத்து.

இரத்தப் புற்றுநோய், கடுமையான தலசீமியா போன்ற நோய்களுக்கு இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது. முதலில், கடும் மருந்துகளால் பழைய மஜ்ஜை அழிக்கப்படுகிறது. அதோடு நோய் எதிர்ப்பாற்றலும் போய்விடுகிறது. அதனால், வடிகட்டிய காற்று மட்டும் வரும் தனியறையில் நோயாளி வாரக்கணக்கில் தங்க வேண்டும். முடி உதிரும், வாயில் புண் வந்து தண்ணீர் விழுங்கவும் வலிக்கும். மஜ்ஜை மாற்றும் நாளைப் 'பூஜ்ய நாள்' எனக் குறித்து, அதிலிருந்து நாள்களை எண்ணுவார்கள். புதிய அணுக்கள் வேரூன்ற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். ஒவ்வொரு காலையும் இரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். எண்ணிக்கை ஏறினால் வீடே மகிழும்; இறங்கினால் அன்று எவருக்கும் சோறு இறங்காது.

இப்படிப்பட்ட அறையில் இருப்பவரிடம் நாம் சொல்வது என்ன? "தைரியமாக இரு, எல்லாம் சரியாகிவிடும்." அன்போடுதான் சொல்கிறோம். ஆனால், அந்தச் சொல்லைக் கேட்டபின், "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று அவரால் சொல்ல முடிவதில்லை. சொன்னால் தாய் அழுவார், தந்தை முகம் வாடும் என்று நோயாளியே மற்றவர்களைத் தேற்றத் தொடங்கிவிடுகிறார். சிகிச்சையில் தரப்படும் ஸ்டீராய்டு மருந்துகளும் உறக்கத்தைக் கெடுத்து, எரிச்சலையும் சோர்வையும் உண்டாக்கக்கூடும். அதை மனவுறுதி இல்லாமை என்று நினைப்பது அவருக்கு நாம் இழைக்கும் அநீதி.

"உயிர் பிழைப்பதே பெரும்பாடாக இருக்கும்போது மனத்தைப் பற்றி யார் யோசிப்பது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், மனம் உடைந்தவர் உண்ண மறுக்கிறார், நடக்க மறுக்கிறார், மருந்தையும் தள்ளிப்போடுகிறார். 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இச்சிகிச்சைக்காக மருத்துவமனையில் தங்கிய 160 நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வழக்கமான சிகிச்சையைப் பெற்றனர். மற்றப் பிரிவினரை, வலியையும் மன உளைச்சலையும் தணிப்பதில் தேர்ந்த குழுவினர் வாரத்திற்கு இருமுறையேனும் சந்தித்தனர். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, சந்திக்கப்பட்டவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைவாக இருந்தன. அவர்களைப் பராமரித்த குடும்பத்தாரிடமும் மனச்சோர்வு அந்த அளவுக்கு ஏறவில்லை.

குடும்பம் என்றதும் உடன்பிறந்தவர்களை மறக்கக் கூடாது. ஒருவருக்கு அவருடைய அண்ணனோ தங்கையோ பொருத்தமான கொடையாளராக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். சிங்கப்பூரில் எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் திட்டம் 1993ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பொருந்தாமல் போன தம்பி தன்னையே நொந்துகொள்கிறான். பொருந்திக் கொடுத்த தங்கையோ, அக்காவுக்குக் காய்ச்சல் வந்தாலும் தன் அணுக்கள்தாம் காரணமோ என்று கலங்குகிறாள். இவர்களிடம் யாராவது உட்கார்ந்து பேச வேண்டாமா?

வீடு திரும்பியதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று உறவினர் நினைக்கின்றனர். பழக்கூடையோடும் பூங்கொத்தோடும் கூட்டமாக வருகின்றனர். முதல் நூறு நாள்களும் அதற்குப் பின் பல மாதங்களும் கிருமித்தொற்று அச்சம் நீங்குவதில்லை. குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசிகளையே மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும். தீபாவளிக்கு வீடு நிறைய விருந்தினர் இருக்க, அறைக்குள் முகக்கவசத்தோடு அமர்ந்திருப்பவரின் தனிமை மருத்துவமனைத் தனிமையைவிடக் கொடியதாக இருக்கக்கூடும். மருத்துவமனையில் அழைத்தால் தாதி வருவார். இங்கே, "இன்னும் என்ன கவலை?" என்ற கேள்விதான் வருகிறது. ஆகவே, வீடு திரும்பியபின் வரும் ஒவ்வொரு மறுபரிசோதனையிலும் மனநல ஆலோசகரைச் சந்திப்பதற்கும் நேரம் ஒதுக்கப்பட வேண்டும்.

உங்கள் வகுப்புத் தோழர் ஒருவர் இந்நிலையில் இருந்தால், நேரில் செல்ல முடியாதே என்று வருந்தி ஒதுங்கிவிடாதீர்கள். வகுப்பில் நடந்த வேடிக்கையை, திடலில் தோற்ற ஆட்டத்தை ஒரு குரல் பதிவாக அனுப்புங்கள். "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால், அவர் "நன்றாக இல்லை" என்று சொல்லவும் இடம் கொடுங்கள். சில நாள் பதில் வராது. மறுநாளும் அனுப்புங்கள்.