குசினிக்குள் வந்த டிராகன்

டிராகன் கதை சிறுபிள்ளை விளையாட்டு என்று நம்மிடையே உள்ள இலக்கியகாரர்கள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். யுத்தத்தையும் அகதி வாழ்வையும் கண்ட சனத்துக்கு மாயாஜாலம் எதற்கு என்பது அவர்களது கேள்வி. நாள் முழுக்கக் கோப்பை கழுவிவிட்டுக் கடைசி ரயிலில் புத்தகம் படிக்கிற நாங்கள் இதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

நாங்கள் கதைப்பது அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லே குவின் (1929-2018) படைத்த எர்த்சீ என்ற தீவுகளின் உலகத்தைப் பற்றி. முதல் நாவல் 1968 இல் வந்தது. அந்தத் தீவுகளின் மக்களில் பெரும்பாலோர் மண்ணிறத்தவர், கறுப்பர். நாயகன் கெட் செம்மண் நிறத்தவன். கிழக்கிலிருந்து கொள்ளையடிக்க வருகிறவர்களே வெள்ளையர். 2004 இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி கெட்டை வெள்ளையனாக்கித் தொடர் எடுத்தபோது லே குவின் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். நிறம் அவருக்கு வெறும் அலங்காரமல்ல.

டிராகன்களையும் அவர் வெறும் மிருகங்களாகப் படைக்கவில்லை. உலகத்தை உண்டாக்கிய ஆதிமொழியே அவற்றின் தாய்மொழி. மந்திரவாதிகள் அதை வருந்திக் கற்கவேண்டும். கற்ற பின்பும் அதில் பொய் சொல்ல அவர்களால் முடியாது, டிராகன்களால் முடியும். வயதுபோன பின் அந்நிய மொழியைப் பாடமாக்கும் நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. மொழிக்குச் சொந்தக்காரன் அதில் விளையாடலாம். நாம் விசாரணை மேசையில் ஒரு சொல் தவறினாலே பொய்யர்.

ஆனால் முதல் மூன்று நாவல்களிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மந்திரப் பள்ளியில் ஆண்களுக்கு மட்டுமே இடம். பெண்ணின் மந்திரத்தை இளக்காரம் செய்யும் பழமொழிகள் வேறு. 1971 இல் வந்த இரண்டாவது நாவல் தெனார் என்ற பெண்ணின் கதை. 1972 இன் மூன்றாவது நாவலில் அவளுக்கு இடமில்லை. இந்த ஓட்டையை லே குவினே கண்டார். பதினெட்டு வருடங்கள் கழித்து, 1990 இல், 'தெஹானு' என்ற நாவலோடு அதே உலகத்துக்குத் திரும்பி வந்தார். வீரனைப் பின்தொடர்ந்து அல்ல, குசினி வாசலால்.

மந்திரசக்தி முழுவதையும் இழந்த கெட்டை கலெசின் என்ற முதுடிராகன் பிறந்த தீவில் கொண்டுவந்து இறக்குகிறது. அவன் ஆடு மேய்க்கிறான். சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவுகிறான். தெனாரின் மகன் அது பெண்களின் வேலை என்று எழுந்து போய்விடுகிறான்; உலகத்தையே காத்தவன் கழுவுகிறான். நாயகனைக் கெடுத்துவிட்டார், பெண்ணியப் பிரச்சாரம் செய்கிறார் என்று வாசகர் பலர் குறைப்பட்டனர். கோப்பை கழுவினால் மனிதன் கெட்டுப்போவானா? அப்படியென்றால் நாங்கள் எல்லோரும் என்ன?

அந்த வீட்டில் ஒரு சிறுமியும் இருக்கிறாள். சொந்தத் தகப்பனும் கூட்டாளிகளும் சிதைத்து நெருப்பில் தள்ளியவள். ஒரு கண்ணும் ஒரு கையும் போய்விட்டன. மந்திரவாதிகள் நிறைந்த உலகத்தில் அந்தத் தழும்பை ஒரு வரியில் மாற்றியிருக்கலாம். லே குவின் மாற்றவில்லை. பதிலாக, யாரும் கற்றுக்கொடுக்காமலே அவள் டிராகன் மொழியில் கலெசினை அழைக்கிறாள். அதுவும் வந்து அவளை மகளே என்கிறது. மனிதரும் டிராகனும் ஆதியில் ஒரே இனம் என்ற கதை அப்போதுதான் முழு அர்த்தம் பெறுகிறது. முதல் நாவலில் கெட் கொன்ற இளம் டிராகன்களும் நமது உறவினர்தான் என்று திரும்பிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

தன் உலகத்தைத் தானே உடைத்துவிட்டார் என்போருக்குச் சொல்கிறோம்: தான் கட்டிய வீட்டின் அத்திவாரத்தைத் தானே தோண்டிப் பார்க்கும் நேர்மை நம் எழுத்தாளரில் எத்தனை பேருக்கு உண்டு? நமது சஞ்சிகைகளில் வீரத்துக்கு எத்தனை பக்கங்கள்! வீரம் முடிந்த பிறகு வீட்டில் எரிந்துபோன பிள்ளையோடு இருந்தவளுக்கு எத்தனை?

நாங்களும் யோக்கியர்களல்ல. சம்பளத்துக்கு ஆயிரம் கோப்பை கழுவுகிறோம். வீட்டுக்கு வந்தால் நமது ஒரு கோப்பையை மனைவிக்கென்று தொட்டியில் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறோம். சிறுபிள்ளைக் கதை என்று தள்ளிய அந்தப் புத்தகம் கேட்பது இதைத்தான்.