பாதாளத்தில் ஒரு கற்றை வெயில்

இருட்டுக்குக் கணக்கு உண்டு. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் உருவாக்கி 1974-ல் அமெரிக்காவில் வெளியான இந்த விளையாட்டுக்கு கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு மேஜை, சில பகடைகள், கதை சொல்ல ஓர் ஆள் போதும். புதையல் தேடி நிலவறைக்குள் இறங்குகிறவர்கள் பந்தங்களை எண்ணி எடுத்துச் செல்ல வேண்டும். ஒரு பந்தம் ஒரு மணி நேரம் எரியும். 20 அடி தூரத்துக்கு நல்ல வெளிச்சம், அடுத்த 20 அடிக்கு மங்கல். அதற்கப்பால் என்ன பதுங்கியிருக்கிறதோ, கதை சொல்பவருக்கே வெளிச்சம்.

கடைசிப் பந்தமும் அணையப் போகிற நேரத்தில், "கூரை விரிசல் வழியே ஓர் ஒளிக்கற்றை விழுகிறது" என்று அவர் ஒரு வரி சொல்லட்டும். மேஜையைச் சுற்றியிருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். விரிசலில் ஆள் நுழைய முடியுமா? கயிறு எட்டுமா? அப்படியென்றால் மேலே இப்போது பகலா? பூமிக்கடியில் வாழும் ட்ரோ இனத்தவர் வெயிலில் தடுமாறுவார்கள் என்பது விதி; துரத்தி வருகிறவர்களை கற்றைக்குள் நின்றே எதிர்கொள்ளலாமே? அழகுக்காகச் சொன்ன ஒரு வரிக்கு இத்தனை கேள்விகள். பதில் யோசித்து வைக்காத கதைசொல்லி மாட்டிக்கொண்டார்.

மொழிபெயர்ப்பவளுக்கு இங்கே ஒரு சங்கடம். ஆங்கிலத்தில் 'ஷாஃப்ட்' என்ற ஒரே சொல் சுரங்கத்தின் செங்குத்தான குழியையும் குறிக்கும், ஒளிக்கீற்றையும் குறிக்கும். நாம் கற்றை என்கிறோம்; வைக்கோலுக்கும் கூந்தலுக்கும் சொல்கிற அழகான சொல். ஆனால் குழி காணாமல் போய்விடுகிறது. கம்ப்யூட்டர் விளையாட்டுகள் பலவற்றிலும் இதே கதைதான். கற்றை இருக்கிறது, குழி இல்லை.

1993-ல் வந்த 'டூம்' தளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வெளிச்ச அளவை வைத்தது. அவ்வளவுதான் முடிந்தது. பின்னால் வந்தவர்கள், கீழே போகப்போக மங்கி மறையும் ஒரு மெல்லிய படத்தைக் காற்றில் தொங்கவிட்டு கற்றை என்று நம்ப வைத்தார்கள். இப்போது காற்றிலுள்ள தூசியில் ஒளி சிதறுவதையே கணக்கிடுகிறார்கள். (தூசி இல்லாவிட்டால் கற்றையைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கவே முடியாது.) ஆனாலும் 2011-ல் வெளியான 'ஸ்கைரிம்'மில் நடுநிசியில் குகைக்குள் நுழைந்தால் கூரையிலிருந்து ஜோராக வெயில் அடிக்கிறது! உள்ளறை தனி உலகம். அங்கு விழும் வெளிச்சத்துக்கு வெளியில் மணி என்ன என்று தெரியாது. பொறுக்க முடியாத ரசிகர்கள் தாங்களே திருத்தம் எழுதிச் சேர்த்தார்கள்.

வழி காட்டத்தான் அந்த வெளிச்சம் என்று தயாரிப்பவர்கள் சொல்லலாம். உண்மைதான், இருட்டில் கால் தானாக அதை நோக்கித்தான் போகும். அப்படி நம்பிப் போகிறவனுக்கு அங்கே ஏதாவது இருக்க வேண்டாமா?

1998-லேயே இரண்டு விளையாட்டுகள் இதைச் சரியாகச் செய்தன. 'தீஃப்'பில் நாம் திருடன், வெளிச்சம்தான் எதிரி. எவ்வளவு தூரம் பிறர் கண்ணில் படுகிறோம் என்பதைத் திரையின் அடியில் ஒரு மணிக்கல் காட்டும். தண்ணீர் அம்பு எய்து பந்தங்களை அணைத்துக்கொண்டே போக வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த 'செல்டா: ஆக்கரினா ஆஃப் டைம்' நேர்மாறு. பாலைவனக் கோயிலுக்குள் கூரையிலிருந்து விழும் வெயிலைக் கண்ணாடிக் கேடயத்தில் வாங்கி, சூரிய முகத்தின் மேல் திருப்பினால் கதவு திறக்கிறது. இங்கே வெயில்தான் சாவி.

நிஜமான பாதாளத்தில் வெயில் என்ன செய்யும் என்பதற்கு வியட்நாமின் சோன் டூங் குகை இருக்கிறது. 2009-ல் பிரிட்டிஷ் குகை ஆய்வாளர்கள் அளந்த பிரம்மாண்டம். கூரை இரண்டு இடங்களில் இடிந்து விழுந்திருக்கிறது. வெயில் இறங்கும் அந்த இடங்களில் மரங்கள் வளர்ந்து, குகைக்குள்ளேயே காடு நிற்கிறது. சற்றுத் தள்ளிப் போனால் மறுபடி கையிலுள்ள விளக்குதான்.